சூனியமும் சூனிய வியாபாரமும்

நம் பக்கத்தில் ‘சூனியம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது எலுமிச்சம்பழமும், குங்குமமும், கறுப்புக் கயிறும், அவற்றை வைத்து வயிறு வளர்க்கிற ஒரு ஆசாமியும்தான். பனியன் கம்பெனி நஷ்டப்பட்டால் சூனியம். விசைத்தறி ஓடாமல் நின்றால் சூனியம். பெண்ணுக்குக் கலியாணம் தள்ளிப்போனால் சூனியம். பையன் பரீட்சையில் தவறினால் அதற்கும் சூனியம். நூல் விலை ஏறியது, வெளிநாட்டுக்காரன் ஆர்டரைக் குறைத்தது, வட்டிக்கு மேல் வட்டி வளர்ந்தது ஆகிய சங்கதிகளைக் காகிதத்தில் போட்டுக் கணக்குப் பார்க்கிறவர்கள் கொஞ்சம். ‘எவனோ வைத்துவிட்டான்’ என்ற ஒரு வார்த்தை போதும். வைத்ததை ‘எடுக்க’ ஒரு ஆசாமி வருகிறான். அவனுக்குக் கொடுப்பதற்காக மறுபடியும் வட்டிக்கு ஒரு கடன் வாங்கப்படுகிறது. நஷ்டம் ஒன்றாயிருந்தது இரண்டாகிறது.

ஆனால் வாசகர்களே, இந்தச் சொல் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட பிழைப்புக்குப் பயன்பட்ட சொல் அல்ல. பௌத்தர்கள் கையில் இது அறிவின் ஆயுதமாயிருந்தது. கடவுள், ஆத்மா, பிறவி ஜாதி ஆகியவற்றை நிற்க இடமில்லாமல் செய்த ஆயுதம் அது. அந்த ஆயுதத்தின் பெயரே இன்று மந்திரவாதியின் சரக்குக்குப் பெயராகிவிட்டது. சூனியம் என்ற சொல்லுக்கே யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில், படித்தவர்களுக்கென்று வேறொரு கடை திறந்திருக்கிறது. அங்கே எலுமிச்சம்பழத்திற்குப் பதில் மெத்தை. உடுக்கைக்குப் பதில் ஒலிபெருக்கியில் புல்லாங்குழல். “மனசைக் காலி செய்யுங்கள், எல்லாம் சூனியம், இதுதான் புத்தர் சொன்ன தியானம்” என்று போதனை, அதற்குக் கட்டணம். ஊர்ச் சூனியக்காரன் ஏழையின் மடியில் கைவைக்கிறான். இந்தப் புதுச் சூனியக்காரர் நடுத்தரக்காரரின் பையில் கைவைக்கிறார். இருவரும் விற்கிற சரக்குக்கும் பௌத்தத்தின் சூனியத்திற்கும் என்ன சம்மந்தம் என்பதைத்தான் நாம் இங்கே விசாரிக்கப் போகிறோம்.

சூனியம் என்றால் என்ன?

பாலி நூல்களில் ‘சிறிய சூனிய சூத்திரம்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் புத்தர் ஆனந்தருக்குச் சொல்லும் உதாரணம் மிகச் சாதாரணமானது. அவர்கள் அப்போது தங்கியிருந்த மாளிகையில் யானை இல்லை, மாடு இல்லை, குதிரை இல்லை, பொன் வெள்ளி இல்லை, கூட்டம் இல்லை. அந்த அளவுக்கு அது காலி. ஆனால் பிக்ஷுக்கள் இருக்கிறார்கள். அந்த அளவுக்கு அது காலியல்ல. இல்லாததை இல்லையென்று பார்ப்பது, மீதியிருப்பதை இருக்கிறதென்று அறிவது, இதுதான் அங்கே காட்டப்படும் முறை. இதில் மந்திரம் எங்கே இருக்கிறது? மாயம் எங்கே இருக்கிறது? சரக்கு அறையில் இருப்புக் கணக்கு எடுக்கிற ஒரு குமாஸ்தா செய்கிற காரியம்தானே இது? இல்லாத பெட்டியை இருப்பதாக எழுதினால் அது பொய்க்கணக்கு. இருக்கிற பெட்டியை இல்லையென்று எழுதினால் அதுவும் பொய்க்கணக்கு. உலகத்தைப் பற்றிப் பொய்க்கணக்கு எழுதாதே என்பதுதான் சூனியத்தின் முதல் பாடம்.

அடுத்த கேள்வி, எது இல்லை என்பது. பௌத்தர்களின் பதில்: சுபாவம் இல்லை. ‘அவன் சுபாவம் அப்படி’ என்று நாம் அன்றாடம் சொல்லுகிறோமே, அந்தச் சொல்தான். வேறு எதனுடைய தயவும் இல்லாமல், தானே, தன்னிடத்திலேயே, என்றும் மாறாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு சொந்தத் தன்மை எந்தப் பொருளுக்கும் கிடையாது என்பதே அவர்கள் சொன்னது. பொருளே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. மிலிந்தன் என்னும் கிரேக்க அரசனுக்கு நாகசேனர் தேரைக் காட்டி இதை விளக்கியதாக ஒரு நூல் இருக்கிறது. சக்கரம் தேரா? அச்சு தேரா? நுகம் தேரா? எதுவும் தேரல்ல; எல்லாம் சேர்ந்த இடத்தில் தேர் என்று ஒரு பெயர் வழங்குகிறது, அவ்வளவுதான்.

திருப்பூர்க்காரனுக்குத் தேர் எதற்கு? உடம்பிலிருக்கிற பனியனே போதும். பருத்தியா பனியன்? நூலா பனியன்? பின்னுகிற இயந்திரமா, சாயமா, வெட்டிய கையா, ஓவர்லாக்கில் தைத்த கையா, பிசிறு எடுத்த கையா, இஸ்திரி போட்ட கையா? இவற்றில் எதைத் தனியே எடுத்தாலும் அது பனியனல்ல. இவையெல்லாம் சேராமல் பனியன் என்று ஒன்று வானத்திலிருந்து விழுந்ததும் கிடையாது. அதனால் பனியன் பொய்யா? பொய்யல்ல, போட்டுக்கொண்டிருக்கிறோம், வேர்வையை உறிஞ்சுகிறது. ஆனால் அது காரணங்களால் ஆனது; காரணம் மாறினால் மாறும், காரணம் போனால் போகும்.

இன்னும் கிட்டப்போய்ப் பார்த்தால் துணியே இந்தத் தத்துவத்தைச் சொல்லும். பின்னல் துணியில் ஒவ்வொரு கண்ணியும் இன்னொரு கண்ணிக்குள் நுழைந்து நிற்கிறது. ஒரு கண்ணியை மட்டும் தனியே எடுத்துக் கையில் கொடு என்றால் கொடுக்க முடியாது. இழுத்தால் வருவது நூல்தான், கண்ணியல்ல. மற்றக் கண்ணிகள் இருக்கிறவரையில்தான் அது கண்ணி. ஒன்றைச் சார்ந்து ஒன்று நிற்பதை பௌத்தர்கள் ‘சார்பில் தோற்றம்’ என்றார்கள். மணிமேகலைக் காவியத்தில் காஞ்சிபுரத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுப்பது இந்தச் சார்புகளைப் பற்றித்தான். தமிழனுக்கு இது சீனத்திலிருந்தோ திபேத்திலிருந்தோ இறக்குமதி செய்யவேண்டிய சரக்கல்ல என்பதற்காக இதைச் சொல்லுகிறோம்.

சூனியமாயிருப்பதால்தான் மாறும்

இந்தச் சார்பையே எடுத்து, தர்க்கத்தால் கூராக்கினவர் நாகார்ச்சுனர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டு வாக்கில் தெற்கே ஆந்திர தேசத்தோடு சம்மந்தப்பட்டு வாழ்ந்தவர். அவருடைய ‘மூலமத்தியமக காரிகை’ 27 அதிகாரங்கள் கொண்டது. அதில் 24-ஆம் அதிகாரத்தில் எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் கேட்கிறான்: எல்லாம் சூனியமென்றால் துக்கமும் இல்லை, துக்கத்திற்குக் காரணமும் இல்லை, அதைப் போக்குகிற வழியும் இல்லையே, உங்கள் புத்தர் போதனையே போய்விட்டதே என்று. இன்றைக்கும் சூனியம் என்றவுடன் கேட்கப்படுகிற கேள்வி இதுதான்.

அதற்கு நாகார்ச்சுனர் சொன்ன பதிலின் சாரத்தை நம் ஜனங்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளவேண்டும். பொருள்களுக்குச் சொந்த சுபாவம் உண்டென்று நீ சொன்னால்தான் ஒன்றும் நடக்காது என்கிறார். சுபாவம் என்றால் மாறாதது. துக்கம் சுபாவமானால் அதை யார் ஒழிக்க முடியும்? அறியாமை சுபாவமானால் யார் படித்து அறிவாளியாக முடியும்? எல்லாம் சூனியமாய், அதாவது காரணத்தைச் சார்ந்ததாய் இருப்பதால்தான் எதுவும் உண்டாகிறது, மாறுகிறது, ஒழிகிறது என்கிறார்.

இதைவிடச் சீர்திருத்தக்காரனுக்கு வேண்டிய வாதம் வேறென்ன? ‘அவன் தலையெழுத்து’, ‘அவள் பிறந்த நேரம்’, ‘அந்த ஜாதிப் புத்தி’ என்று நம் நாட்டில் எத்தனை பூட்டுகள் போட்டிருக்கிறார்களோ அத்தனைக்கும் இது ஒரே சாவி. தலையெழுத்து என்பது சுபாவத்திற்கு வைத்த இன்னொரு பெயர். சுபாவம் இல்லையென்றால் தலையெழுத்து ஏது?

வைர ஊசி

அசுவகோசர் பெயரால் வழங்குகிற பௌத்த நூல் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் ‘வச்சிரசூசி’. வைர ஊசி என்று பொருள். ஊசிக்கு வேலை கொடுத்துப் பிழைக்கிற ஊராருக்கு இந்தப் பெயரே பிடிக்கும். அந்த ஊசி குத்துவது பிறவி ஜாதியை. பிராமணன் என்கிறாயே, அது எது? உயிரா? உடம்பா? பிறப்பா? படிப்பா? ஆசாரமா? தொழிலா? என்று ஒவ்வொன்றாய் எடுத்துக் குத்திப் பார்க்கிறது. எங்கும் பிராமணத்தன்மை என்ற ஒன்று அகப்படவில்லை. பலாமரத்தில் அடியிலே காய்த்தாலும் கிளையிலே காய்த்தாலும் பலாப்பழம் ஒன்றுதானே, அதில் எது உயர்ந்த ஜாதி என்று கேட்கிறது. நாகசேனர் தேரைப் பிரித்ததுபோல் இந்நூல் ஜாதியைப் பிரித்துப் போடுகிறது. சூனியத்தை ஜாதியின்மேல் வைத்துப் பார்த்தால் கிடைப்பது இதுதான்.

எதிர்க்கடையைப் பாருங்கள். சங்கரர் பிரம்ம சூத்திரத்திற்கு எழுதிய பாஷ்யத்தில், சூனியவாதம் எல்லாப் பிரமாணங்களுக்கும் விரோதமானது, ஆகையால் மறுக்கக்கூட யோக்கியதையில்லாதது என்று தள்ளிவிட்டுப் போகிறார். ஆனால் அவரையே ‘மறைந்திருக்கும் பௌத்தர்’ என்று அவர் பக்கத்து வைதீகர்கள் ஏசினார்கள். உலகம் மாயை என்று சொன்ன அதே பாஷ்யத்தில், சூத்திரன் வேதத்தைக் கேட்கவும் படிக்கவும் அதிகாரமில்லாதவன் என்பதும் ஸ்தாபிக்கப்பட்டிருக்கிறது. நாம் கேட்கிறோம்: மலை மாயை, கடல் மாயை, சூரிய சந்திரன் மாயை, சூத்திரன் மட்டும் நிஜமா? உலகத்தையெல்லாம் ஊதித் தள்ளின தத்துவத்திற்கு ஜாதியை மட்டும் ஊத மூச்சில்லாமல் போனது ஏன்? இதற்கு இன்றுவரை யோக்கியமான பதில் கிடையாது.

“ஜாதிதான் சூனியம் என்றாகிவிட்டதே, இல்லாத ஒன்றோடு ஏன் சண்டை போடுகிறீர்கள்?” என்று சில புத்திசாலிகள் கேட்பதுண்டு. 2016 மார்ச்சில், இதே திருப்பூர் ஜில்லாவைச் சேர்ந்த உடுமலைப்பேட்டையில், ஜாதி மறுத்துக் கலியாணம் செய்துகொண்ட ஒரு தம்பதியைப் பட்டப்பகலில், பஸ் நிலையத்துக்கு அருகில், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க வெட்டினார்கள். வாலிபன் செத்தான், பெண் பிழைத்தாள். ஜாதிக்குச் சுபாவம் இல்லை என்பது உண்மை. அரிவாளுக்கு விளிம்பு இருந்தது என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்க்கிறவன்தான் சூனியத்தைப் படித்தவன். ஒன்றை மட்டும் பார்க்கிறவன் பொய்க்கணக்கு எழுதுகிறவன்.

இல்லாத ஒன்று எப்படிக் கொல்லுகிறது? மந்திரவாதி வைத்ததாகச் சொல்லுகிற சூனியம் எப்படி வீட்டை விற்க வைக்கிறதோ அப்படித்தான். பயத்தாலும், பழக்கத்தாலும், சொத்தாலும், சொந்தக்காரர் பேச்சாலும், உள்ளூர்ப் பெரியமனிதர் தயவாலும் பின்னப்பட்ட துணி அது. சுபாவத்தால் நிற்காமல் கண்ணிகளால் நிற்கிறது. ஆதலால்தான் அதைப் பிரிக்க முடியும். ஜாதி கடவுளால் ஆனது, இரத்தத்தில் ஊறியது என்பது உண்மையானால் நம் வேலை வீண். அது மனிதர் பின்னிய பின்னல் ஆகையால் மனிதரே பிரிக்கலாம்.

புத்தரை முனியப்பன் ஆக்கிய நாடு

இவ்வளவு தெளிவான அறிவு நம் நாட்டில் எங்கே போயிற்று என்று கேட்கலாம். காஞ்சிபுரத்தில் பிறந்த தருமபாலர் நாலந்தாப் பல்கலைக்கழகத்துக்கே தலைவராயிருந்தார் என்று 7-ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட நாட்டில் குண்டலகேசி என்ற பௌத்தக் காவியம் சில பாட்டுகள் மட்டுமாய் மிஞ்சியது. கல்லில் செய்த புத்தர்களின் கதியோ அதைவிட மோசம்.

சேலத்துப் பெரியேரியில் ‘தலைவெட்டி முனியப்பன்’ என்று ஒரு சாமி. உட்கார்ந்த நிலை; தியான முத்திரையில் கைகள்; அறுபட்ட தலை மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. அது புத்தர் சிலையென்று வழக்குப் போட்டு, தொல்லியல் இலாகா பார்வையிட்டு அறிக்கை கொடுத்து, 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், இது புத்தரே, இனி இதை முனியப்பனாக வைத்துப் பூஜை செய்வது கூடாது என்று தீர்ப்பளித்தது. அறிவைப் போதித்த ஞானியைப் பேய் ஓட்டுகிற சாமியாக்கினார்கள். சொல்லுக்கு நேர்ந்த கதியும் சிலைக்கு நேர்ந்த கதியும் ஒன்றுதான் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

ஆனால் மறந்ததை மீட்டவர்களும் இந்த நாட்டில் உண்டு. 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் கொழும்புக்குச் சென்று பஞ்சசீலம் ஏற்று, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை ஆரம்பித்தார். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதே 1907-இல் லட்சுமி நரசு பௌத்தத்தின் சாரத்தைப் பகுத்தறிவுக்குப் பொருந்த இங்கிலீஷில் எழுதி வெளியிட்டார். அந்தப் புத்தகம் 1948-இல் டாக்டர் அம்பேத்கர் முன்னுரையோடு மறுபடி வந்தது. சென்னையில் சிங்காரவேலர் பௌத்தப் பிரசாரம் செய்தார். 1954 ஜனவரியில் நம் பக்கத்து ஈரோட்டிலேயே பெரியார் புத்தர் கொள்கை மாநாடு கூட்டினார். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். இவர்களில் ஒருவராவது ‘மனசைக் காலியாக்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள்’ என்று சொன்னதுண்டா? பள்ளிக்கூடம் போங்கள், கோயில் தெருவில் நடங்கள், உரிமையைக் கேளுங்கள் என்றுதான் சொன்னார்கள்.

புதுக் கடையின் சரக்கு

இது நிற்க. மெத்தைச் சூனியத்திற்கு வருவோம். பகல் முழுவதும் பவர் டேபிளில் உட்கார்ந்து, பீஸ் கணக்கில் கூலி வாங்கி, முதுகு ஒடிந்து வருகிற ஒருவர் அரைமணி நேரம் கண்ணை மூடி அமைதியாய் உட்கார்ந்தால் அதை நாம் குறை சொல்லவில்லை. மூச்சைக் கவனிப்பதால் படபடப்பு அடங்கினால் நல்லதுதான். நல்ல தூக்கம்போல் அதுவும் ஒரு சௌகரியம். நாம் ஆட்சேபிப்பது அதற்குப் பிறகு வருகிற உபதேசத்தை. “கூலி குறைவு என்று நினைப்பது உன் மனம்; கோபம் உன் மனம்; மனசே சூனியம்; அதை விட்டுவிடு” என்கிற உபதேசத்தை.

முதலாளியின் லாபக் கணக்கை யாராவது சூனியம் என்று சொன்னதுண்டா? தியான வகுப்பின் கட்டணம் சூனியமென்று எந்தக் குருவாவது தள்ளுபடி செய்ததுண்டா? கூலி மட்டும்தான் சூனியமா? ஓவர்டைம் பணம் மட்டும்தான் மாயையா? தத்துவத்தை ஏழையின் பக்கத்தில் மட்டும் வைத்து அளந்தால் அது தத்துவமாகாது, கள்ளத் தராசாகும்.

நாகார்ச்சுனர் பெயரால் வழங்குகிற ‘இரத்தினாவளி’ ஒரு அரசனுக்குச் சொன்ன புத்திமதி. சூனியத்தை உலகுக்குச் சொன்னவர் அரசனுக்கு என்ன சொல்லுகிறார்? குருடரையும், நோயாளியையும், திக்கற்றவரையும் பார்த்துக்கொள். பயிர் தீய்ந்த குடியானவனுக்குக் கைகொடு. வரியைக் குறை என்கிறார். ‘உன் குடிகளின் பசி சூனியம், தியானம் செய்யச் சொல்’ என்று சொல்லவில்லை. மணிமேகலை கையில் அமுதசுரபியைக் கொடுத்த பிறகுதான் அவளுக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். (அக்காவியத்தில் வானத்தில் பறப்பதும் முற்பிறப்புக் கதையும் உண்டு. அவற்றை நாம் ஒப்பவில்லை. நல்லதை எடுத்துக்கொள்வதற்குப் பொய்யையும் சேர்த்து விழுங்க வேண்டியதில்லை.)

சூனியத்தை மெய்யாகவே நடத்திக் காட்டியவர்கள் திருப்பூர்த் தொழிலாளிகள். 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி இவ்வளவுதான் என்பது சுபாவம் என்று அவர்கள் எண்ணியிருந்தால் முதல் நாளே வீட்டுக்குப் போயிருப்பார்கள். அது மனிதர் போட்ட கணக்கு, மனிதர் மாற்றலாம் என்று தெரிந்தவர்கள் ஆனபடியால் நின்றார்கள். அவர்களில் எத்தனை பேர் நாகார்ச்சுனர் பெயரைக் கேட்டிருப்பார்கள்? கேளாமலே அவர் சொன்னதைச் செய்தார்கள்.

நொய்யலைப் பாருங்கள். ஆறு ஒருநாள் சிவப்பாயும் ஒருநாள் நீலமாயும் ஓடினதும், ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, அதற்குக் கீழேயிருந்த நிலமும் கிணறும் கெட்டதும் ஆற்றின் சுபாவமா? தெய்வக் குற்றமா? சாயப்பட்டறைக் கழிவுதான் காரணம். விவசாயிகள் பூஜை போட்டுக்கொண்டு உட்காராமல் நீதிமன்றம் போனார்கள். கழிவுத் தண்ணீர் வெளியேறுவதைப் பூச்சியமாக்காத பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சூனியம் என்றாலும் பூச்சியம் என்றாலும் கணக்கில் ஒன்றுதான். இந்த வட்டாரத்துக்கு வேண்டிய சூனியம் அந்தச் சூனியம். மனசுக்குள் வைக்கிற சூனியமல்ல, ஆற்றில் விடுகிற விஷத்தைச் சூனியமாக்குவது.

பௌத்தர்களையும் விடுவதற்கில்லை

நாம் பௌத்த மதத்திற்கு ஆள் சேர்க்க எழுதவில்லை. சூனியத்தை வாயால் படித்துவிட்டுக் கையால் வேறு செய்த பௌத்தர்கள் ஏராளம். இலங்கையில் பெரிய சங்கமாகிய சீயம் நிகாயத்தில் கொவிகம ஜாதிக்காரருக்குத்தான் துறவு கொடுக்கிறார்கள். காலையில் ‘அநாத்மம்’ என்று ஓதிவிட்டு மாலையில் ஜாதி பார்த்துக் காவி கொடுப்பது என்ன சூனியம்? ஜப்பானில் யுத்த காலத்தில், வெட்டுகிறவனும் சூனியம், வெட்டப்படுகிறவனும் சூனியம் என்ற முறையில் சென் குருமார்கள் பட்டாளத்துக்கு உபதேசம் செய்தார்கள். 1990-களில் அவர்களுடைய சோட்டோ சபையே அதற்காக வருத்தம் தெரிவித்தது. சூனியத்தைச் சொல்லுகிற இருதய சூத்திரத்தையே கெடுதல் ஓட்டுகிற மந்திரமாக ஓதுகிறவர்கள் கிழக்கு நாடுகளில் உண்டு. எலுமிச்சம்பழம் எல்லா நாட்டிலும் விளைகிறது!

ஆத்மா இல்லையென்றால் மறுபிறப்பு எடுப்பது யார் என்ற கேள்வியும் அவர்களைச் சும்மா விடாது. 1957-இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்ற நூலில் அம்பேத்கரே இந்த முரண்பாட்டை எடுத்துப் பேசி, கர்மத்தையும் மறுபிறப்பையும் வழக்கமான அர்த்தத்தில் ஒப்ப மறுத்தார். கேள்வி கேட்டுப் படிப்பது என்றால் அப்படித்தான் படிக்கவேண்டும்.

இப்படியெல்லாம் நடக்கும் என்று நாகார்ச்சுனருக்கே தெரிந்திருக்கிறது. சூனியத்தைத் தப்பாய்ப் பிடிப்பது பாம்பைத் தப்பாய்ப் பிடிப்பது போன்றது, பிடித்தவனையே கெடுக்கும் என்கிறார். கொள்கை வெறிகளை விடுவதற்காகச் சொன்ன சூனியத்தையே ஒரு வெறியாகப் பிடித்துக்கொண்டவனுக்கு மருந்தே கிடையாது என்றும் கைவிட்டுவிடுகிறார். தன் சரக்கைப் பற்றியே இப்படி எச்சரித்த மதகுரு வேறு யாரையாவது காட்ட முடியுமா?

எப்படிப் படிப்பது, எப்படித் தியானிப்பது?

தியானம் என்பதற்கு நினைத்துப் பார்த்தல் என்று அர்த்தம். நினைப்பை ஒழித்தல் என்று அர்த்தமில்லை. ஆகவே, தியானம் செய்ய விரும்புகிற தோழர்களுக்கு நாம் சொல்லும் முறை இதுதான். இதற்குக் குரு வேண்டாம், கட்டணம் வேண்டாம், ஆசிரமம் வேண்டாம். இராத்திரி சாப்பாட்டிற்குப் பிறகு கால்மணி நேரம் போதும்.

உங்களைப் பயமுறுத்துகிற அல்லது பெருமைப்படுத்துகிற ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாதியாகட்டும், தலையெழுத்தாகட்டும், கெட்ட கிரகமாகட்டும், எவனோ வைத்ததாகச் சொல்லுகிற சூனியமாகட்டும். முதலில், இது எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்: இரத்தத்திலா, எலும்பிலா, பெயரிலா, பிறர் வாயிலா? அடுத்து, எந்தக் கண்ணிகளால் இது நிற்கிறது என்று எண்ணுங்கள்: யார் சொல்லிக்கொடுத்தது, யாருக்கு இதனால் லாபம், எந்தப் பயம் இதைத் தாங்குகிறது? மூன்றாவது, இதில் இல்லாதது எது, இருப்பது எது என்று கணக்கை நேராக எழுதுங்கள். சூனியக்காரனின் சக்தி இல்லாதது. நூல் கடைக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி இருப்பது. பிறவி உயர்வு தாழ்வு இல்லாதது. இன்ன தெருவில் வீடு வாடகைக்குக் கொடுக்கமாட்டேன் என்கிற மனிதன் இருப்பது. நான்காவதாக, எந்தக் கண்ணியை என் கையால் அறுக்க முடியும் என்று பாருங்கள். பார்த்துவிட்டு எழுந்திருங்கள். எழுந்து போய் அறுக்காவிட்டால் கால்மணி நேரமும் தூக்கத்தோடுதான் சேரும்.

ஒரே கிணற்றில், ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பது அந்தத் தியானத்தின் பலன். மகள் தானே தேடிக்கொண்ட துணையை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுவது அந்தத் தியானத்தின் பலன். பக்கத்து மேஜைக்காரிக்குக் கூலி பாக்கி வைத்தால் அவளோடு சேர்ந்து போய்க் கேட்பது அந்தத் தியானத்தின் பலன். வீட்டு வாசலில் கட்டிய கறுப்புக் கயிற்றை அவிழ்த்துப்போட்டு, நோய் வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவது அந்தத் தியானத்தின் பலன். இவற்றில் ஒன்றாவது உண்டாகாத தியானத்தை எத்தனை வருஷம் செய்தாலும் என்ன பிரயோஜனம்?

ஆகவே, அடுத்த தடவை யாராவது ‘உனக்குச் சூனியம் இருக்கிறது’ என்று சொன்னால் பயப்படாமல் சொல்லுங்கள்: எனக்கு மட்டுமல்ல, உன் மந்திரத்துக்கும், உன் ஜாதிக்கும், உன் கடவுளுக்கும், உன் பிழைப்புக்கும் அதுதான் இருக்கிறது, எனக்கு அது தெரியும், உனக்குத்தான் தெரியவில்லை என்று.